விற்று வாங்கிய பிள்ளை

கனகாம்பிகை மகளை அடிக்கும்போது அந்தப் பிள்ளை அழுவதில்லை. எனக்கு முதலில் விளங்காமல் போனது அதுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அடி விழுந்தால் அது கத்த வேண்டும், ஒழுங்கைச் சனத்தையே கூட்ட வேண்டும். மலர் வாயைத் திறக்க மாட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்குக் கம்பின் சத்தம் கேட்கும். பிறகு கனகாம்பிகை விம்முவது கேட்கும். அடித்தவள் அழுகிறாள், அடி வாங்கியவள் பேசாமல் நிற்கிறாள். இது என்ன வீடு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோப்பாயில் எங்கள் இரண்டு வளவுகளுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. கறிவேப்பிலை, நெருப்புப் பெட்டி, ஊர்ப் புதினம் எல்லாம் அதால்தான் போய்வரும். என் பிள்ளைகள் மூவரும் ஜேர்மனிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் இரண்டு ஆடுகளும். அதனால் அடுத்த வீட்டுச் சத்தம் எனக்குக் கொஞ்சம் கூடவே கேட்கும் என்று ஒழுங்கையில் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். கேட்டது கேட்டதுதானே.

மலர் கொடி சுற்றிப் பிறந்தவள். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தால் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். அதற்குப் பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். மாமன் பிள்ளையின் முகத்தை நேரே பார்க்காமல் முதலில் எண்ணெய்க் கிண்ணத்தில் பார்க்க வேண்டும். கனகாம்பிகையின் தம்பி கதிரவேலு அப்படித்தான் பார்த்தான். பார்த்துவிட்டு, "உவளுக்கு என்ரை மூக்கு" என்று சிரித்தான். மிச்ச எண்ணெயைத் தன் தலையில் தேய்த்துக்கொண்டு போனான்.

ஐந்து வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. எண்பத்து நாலில் ஒரு நாள் சைக்கிளில் யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்த கதிரவேலுவை றோட்டில் வைத்து ஆமி சுட்டது. அன்று அந்த றோட்டால் போன வேறு ஆட்களும் செத்தார்கள். செத்த வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே யாரோ ஒருத்தி, "கொடி சுத்திப் பிறந்தது மாமனைத் திண்டிட்டுது" என்று எடுத்துவிட்டாள். மற்ற ஆட்களுக்கெல்லாம் எந்த மருமகள் கொடி சுற்றிப் பிறந்தாள் என்று நான் அந்த இடத்திலேயே கேட்டேன்.  என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கனகாம்பிகை மகளின் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு கந்தப்பு சாத்திரியாரிடம் போனாள். அந்த மனிதர் சோழியை உருட்டிவிட்டு, "மாமனோடை நிக்காது. தகப்பனையும் பாக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொல்லிவிட்டு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். இங்கே ஒரு வீடு எரியத் தொடங்கியது.

தகப்பன் இராசநாயகம் லொறி ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்து வெங்காயத்தைக் கொழும்புக்கு ஏற்றிப்போவான். ஆனையிறவில் மறிப்பார்கள், வவுனியாவில் மறிப்பார்கள், அதற்கு அங்கால் யார் மறிப்பார்கள் என்று தெரியாது. லொறி வெளிக்கிட்டால் திரும்பி வரும்வரை கனகாம்பிகைக்குச் சோறு இறங்காது. அந்த நாட்களில் மலர் தண்ணீர் சிந்தினாலும் அடி, சிந்தாவிட்டாலும் அடி.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேன். "ஏனடி உந்தப் பிள்ளைக்கு உப்பிடி அடிக்கிறாய்?"

"பாலை ஊத்திப்போட்டாள் அக்கா."

"ஒரு முட்டிப் பாலுக்கோ உவ்வளவு அடி?"

"நீங்கள் மூண்டையும் அடிக்காமலோ வளத்தனீங்கள்?"

"அடிச்சனான்தான். கோபம் ஆறினால் தூக்கிக் கொஞ்சினனான். நீ உவளைத் தூக்கி நான் காணேல்லை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

இராசநாயகம் வந்ததும் அவனிடம் சொன்னேன். நல்லவன்தான், ஒரு கெட்ட சொல் வராது. கொழும்பில் இருந்து முந்திரிகைப்பழக் குலை வாங்கிவருவான். ஆனால் அதை மகளின் கையில் கொடுக்க மாட்டான். கனகாம்பிகையிடம் கொடுத்து, அவள் மகளிடம் கொடுக்க வேண்டும். "தாய் அடிக்கிறது பிள்ளை திருந்தத்தானே அக்கா" என்று சொல்லிவிட்டு லொறிக்குக் கீழே புகுந்துகொண்டான். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களோடு நான் என்னத்தைக் கதைப்பது?

ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் சோமசேகரத்திடம் போனேன். "உது குடும்ப விஷயம், பிள்ளை. காணிச் சண்டை எண்டால் நான் வரலாம்" என்றார். பொலிஸ் ஸ்டேஷனில் ஆளே இல்லை. ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியளிடம் சொல்லச் சொல்லிச் சிலர் புத்தி சொன்னார்கள். பெடியள் வந்தால் விசாரித்துவிட்டுத் தாயை லைற் போஸ்ற்றில் கட்டுவார்கள். கட்டி அவிழ்த்துவிட்ட பிறகு அவள் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவாள்? அங்கே அவள் கையில் அகப்படப் போவது யார்? இதை யாருமே யோசிக்கவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இந்த ஊரில் ஒரு கதவு இல்லையே என்று நான் வயிறெரிந்ததுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை மலரை என் கிணற்றடிக்குக் கூட்டிவந்து முழுக வார்த்தேன். சட்டையைக் கழற்றும்போது தொடையின் பின்பக்கத்தில் ஒரு சூட்டுக் காயம் கண்டேன். தோசை திருப்புகிற தட்டகப்பையின் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. 

"என்னடி மோனை உது? ஆர் சுட்டது?"

"தோசை எரிஞ்சு போச்சுது, பெரியம்மா."

"நீ அழேல்லையோ? எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லையே."

"அழக்கூடாது. அப்பா றோட்டிலை நிக்கேக்கை நான் அழுதால் அப்பாவுக்குக் கூடாதாம்." பிறகு, நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டதுபோல, மெதுவாகச் சொன்னாள். "நான் கதிர் மாமாவைத் திண்டிட்டன்தானே."

 பிள்ளைக்கு ஈரத் தலையோடு ஒரு துவாயைச் சுற்றிவிட்டுப் பொட்டால் புகுந்து போனேன். கனகாம்பிகையின் கன்னத்தில் அறைவதென்றுதான் போனேன். அவள் அடுப்படியில் குந்தியிருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. நான் வந்ததைக்கூடப் பார்க்காமல், "லொறி இப்ப மதவாச்சி தாண்டியிருக்கும், என்ன அக்கா?" என்றாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கிவிட்டேன். கண்ணைச் சுற்றிக் கறுத்து, கழுத்தெலும்பு தெரிய, அவளே பயத்தில் பாதி செத்துக் கிடந்தாள்.

நியாயம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஏசிப் பார்த்தாயிற்று. அவளுக்கு ஏறுகிற பாஷையில்தான் இனிச் சொல்ல வேண்டும் என்று அந்த இடத்தில் எனக்குப் பட்டது.

"பிள்ளையை அம்மனுக்கு வித்து வாங்கு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அது இருக்கிறதுதான். தோஷமுள்ள பிள்ளையைத் தாய் கோயிலில் கிடத்தி, இனி உன் பிள்ளை என்று அம்மனிடம் கொடுத்துவிடுவாள். வேறொருத்தி ஒரு சுளகு நெல்லைக் கொடுத்து அம்மனிடம் இருந்து பிள்ளையை வாங்குவாள். பிள்ளை பெற்ற வீட்டிலேதான் வளரும். ஆனால் வாங்கினவள்தான் அம்மா. பெற்றவள் யாரோ. தோஷம் பெற்ற வீட்டுக்கு வராது என்பது நம்பிக்கை. எனக்கு அதில் ஒரு துளி நம்பிக்கையும் இல்லை.

கனகாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள். கதிரவேலு செத்த பிறகு அவள் கண்ணில் உயிர் இருந்ததை அன்றுதான் கண்டேன். "ஆர் அக்கா வாங்குவினம்?"

"நான் வாங்குறன். பெத்தது மூண்டும் குறையில்லாமல் இருக்கிற கை இது. ஆனால் ஒண்டு. அதுக்குப் பிறகு உவள் என்ரை பிள்ளை. என்ரை பிள்ளையிலை நீ கை வைக்கேலாது. விளங்குதோ?"

"மற்றவையின்ரை பிள்ளைக்கு நான் ஏன் அக்கா அடிக்கிறன்?" என்றாள். உண்மையாகவே அதிசயப்பட்டுக் கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் காரியம் முடிந்தது. மலருக்கு மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். படியில் கிடத்தியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் நெல்லைக் கொட்டிவிட்டு அவளைத் தூக்கினேன். பாரமே இல்லை. ஐயர் திருநீறு பூசி, "இனி இவதான் உன்ரை அம்மா. அவ மாமி. அவர் மாமா. மாறிக் கூப்பிடக்கூடாது, என்ன?" என்றார். மலர் என் தோளுக்கு மேலால் தாயைப் பார்த்து, "மாமி" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். கனகாம்பிகை திரும்பிப் பாராமல் முன்னால் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை.

அடி நின்றது. சத்தியமாக நின்றது. வேலிக்கு அங்கால் கம்புச் சத்தம் இல்லை. விதானையாருக்கும் ஏலாததை ஒரு சுளகு நெல்லால் செய்து முடித்தேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒரு கிழமைகூட அந்தப் பெருமை நிற்கவில்லை.

பொட்டுக்குள்ளால் முதலில் ஒரு பூவரசங்கம்பு வந்தது. பிறகு கனகாம்பிகை வந்தாள். மற்றக் கையில் மலர்.

"அக்கா, உங்கடை பிள்ளை சீனிப் போத்தலை உடைச்சுப்போட்டுது. அடியுங்கோ."

"என்ன?"

"நான் அடிக்கேலாதுதானே. நீங்கள்தான் அடிக்கோணும். இந்தாங்கோ." கம்பை நீட்டினாள். இலையெல்லாம் உருவித் துப்புரவாக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கம்பை வாங்கி முறித்து அடுப்புக்குள் வைத்தேன். அடுத்த நாள் வேறு கம்போடு வந்தாள். உங்கள் பிள்ளை முகம் கழுவவில்லை. உங்கள் பிள்ளை கோழியைக் கலைத்தது. உங்கள் பிள்ளை சும்மா நிற்கிறது. அவர்கள் வளவுப் பூவரசு மொட்டையாகிவிடும் என்று பயந்தேன். எனக்கோ விறகுக் கஷ்டம் தீர்ந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பொட்டால் குனிந்து, என் முற்றத்தைக் கடந்து, குற்றத்தைச் சொல்லி முடிக்கிறதற்குள் அவளுடைய கோபம் பாதியாகிவிடும். நான் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் மிச்சமும் போய்விடும். பிறகு லொறியைப் பற்றிக் கதைப்பாள், தம்பியைப் பற்றிக் கதைப்பாள். ஒரு நாள் கதிரவேலுவின் செருப்பு இன்னமும் வாசலில் கிடக்கிறதென்றும், எடுத்து வைக்க மனம் வரவில்லையென்றும் சொல்லி அழுதாள். செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. இந்தக் கதையைக் கேட்க ஒருத்தரும் இல்லாமல்தானே ஒரு குழந்தையின் முதுகில் இறக்கியிருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

மலரைப் பார்க்கத்தான் முடியவில்லை. தன் வீட்டிலேயே விருந்துக்கு வந்த பிள்ளைபோல் நடக்கத் தொடங்கிவிட்டாள். "மாமி, தண்ணி குடிக்கலாமோ?" "மாமி, உந்தப் பாயிலை படுக்கலாமோ?" கேட்காமல் ஒரு விளாம்பழத்தைக்கூட எடுக்க மாட்டாள். அவள் அப்படிக் கேட்கும்போது கனகாம்பிகையின் முகத்தில் ஏதோ ஓடும். என்னவென்று நான் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

மாரி தொடங்குகிற நேரம். இராசநாயகத்தின் லொறி சொன்ன நாளில் வந்து சேரவில்லை. வவுனியாப் பக்கம் பிரச்சினை என்று கேள்விப்பட்டோம். அன்று பின்னேரம் ஆமியின் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து சுட்டுக்கொண்டு போனது. நான் வாழைக்குக் கட்டிய பாத்திக்குள் குப்புற விழுந்து கிடந்தேன். சத்தம் ஓய்ந்து எழும்பிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தபோது பொட்டுக்குள்ளால் கம்பு வந்தது. பின்னால் கனகாம்பிகை வரவில்லை. மலர் தனியாக வந்தாள்.

"மாமி தந்துவிட்டவ. அடிக்கட்டாம்." கம்பை என் கையில் வைத்துவிட்டு, உள்ளங்கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி செய்தனி?"

"தெரியாது."

"தெரியாமலோ அடி வாங்க வந்தனி?"

"அடியுங்கோ அம்மா. பேந்து இருட்டிப்போம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கம்பை எறிந்த திசையே தெரியாது. அவளையும் இழுத்துக்கொண்டு பொட்டால் புகுந்தேன். கனகாம்பிகை முற்றத்தில் நின்றாள். தலை அவிழ்ந்திருந்தது. சீலையெல்லாம் மண்.

"உனக்கு மனுசத்தன்மை இருக்கோ? ஹெலி சுட்டுப்போட்டுப் போகுது, நீ பிள்ளையை அடி வாங்க அனுப்புறாய். என்ன செய்தவள் உவள்? சொல்லு!"

"கூப்பிட்டிட்டாள் அக்கா."

"என்னெண்டு?"

"அம்மா எண்டு." சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஹெலிச் சத்தத்துக்கு ஓடிவந்து காலைக் கட்டிப் பிடிச்சு அம்மா எண்டு கத்தினாள். நான்... ஓம் எண்டிட்டன். ஓம் ராசாத்தி எண்டு தூக்கிப்போட்டன். அவர் எங்கை நிக்கிறாரோ தெரியாது, நான் ஓம் எண்டிட்டன்."

"அதுக்கோ அவளுக்கு அடி?"

"எனக்கு ஆர் அக்கா அடிக்கிறது?"

இந்த ஒரு கேள்விக்கு முன்னால் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினேன்.

"கேள் கனகம். வித்ததுமில்லை, வாங்கினதுமில்லை. உன்ரை கையைக் கட்ட நான் சொன்ன கதை அது. எனக்கு அதிலை துளி நம்பிக்கையும் இல்லை. உன்ரை தம்பியைச் சுட்டவன் கையிலை துவக்கு இருந்தது. உந்தப் பிள்ளையின்ரை கையிலை என்ன இருந்தது? உன்ரை மனுசனை மறிக்கிறவன் உவளின்ரை கொடியைப் பாத்தோ மறிக்கிறான்? ஆமிக்காரனிலை காட்டேலாத கோபத்தை நீ உவளிலை காட்டினாய். அவ்வளவுதான். ஹெலி சுடேக்கை ஓம் எண்டு சொன்னாயே, அதுதானடி சரி. நீ ஒரு வருஷத்திலை செய்த ஒரே ஒரு சரி."

கனகாம்பிகை அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள்.  பிறகு, தன்பாட்டில் கேட்பதுபோல், "அவளின்ரை நெஞ்சு இடிச்சது எனக்குக் கேட்டது, அக்கா" என்றாள். "ஒரு வருஷமாய் நான் அவளைத் தூக்கேல்லை." என்னைப் பார்த்தாள். "இன்னொருக்கால் கூப்பிடுவாளோ?"

அந்த ஒரு நொடியில், நான் பட்ட பாடெல்லாம் வீண் போகவில்லை என்று நினைத்தேன். மலரின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினேன். "போ மோனை. உன்ரை அம்மாவைக் கூப்பிடு."

மலர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள்தானே அம்மா?"

"இல்லையடி. அவதான் உன்ரை அம்மா. எப்பவும் அவதான். பயப்பிடாமல் கூப்பிடு, ஒருத்தரும் அடிக்காயினம்."

கனகாம்பிகை முழங்காலில் எழும்பி இரண்டு கைகளையும் நீட்டினாள். மலர் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, வெறும் கைகள். அவள் பயப்பட்ட மாதிரித் தெரியவில்லை. இரண்டடி முன்னால் போய் நின்று, தன் தாயின் கண்ணீரைச் சட்டை விளிம்பால் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு, பெரிய மனுசிபோல் அமைதியாகச் சொன்னாள்.

"அழாதேங்கோ மாமி. நான் இனிக் கூப்பிட மாட்டன். கூப்பிட்டால் அப்பா செத்துப்போவார்."

கனகாம்பிகை கெஞ்சினாள். நானும் எவ்வளவோ சொன்னேன். இருட்டி, விளக்கு வைத்து, அடுத்த நாள் லொறி பத்திரமாக வந்து சேர்ந்த பிறகும் சொன்னோம். அவளை அம்மா என்று கூப்பிட அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை.